கோட்டைத் தாண்டும்வரை

1972 செப்டம்பர் 5. மியூனிக் ஒலிம்பிக் கிராமத்தில் விடியற்காலையில் எட்டுத் தீவிரவாதிகள் புகுந்து, இஸ்ரேல் அணியினரில் இருவரைக் கொன்று, ஒன்பது பேரைப் பிணைக்கைதிகளாகப் பிடித்துக்கொண்டார்கள். அன்று நள்ளிரவு வாக்கில் பிணைக்கைதிகள் அனைவரும் மீட்கப்பட்டார்கள் என்ற செய்தி பரவியது. மேற்கு ஜெர்மனி அரசின் பேச்சாளரே மீட்பு நடவடிக்கை வெற்றி என்று சொல்லிவிட்டார். பல நாட்டுப் பத்திரிகைகள் அதை அப்படியே அச்சேற்றின. அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியிலும் அந்தச் செய்தி போனது. ஆனால் அங்கே பேசிக்கொண்டிருந்த ஜிம் மெக்கே அதோடு கடையைக் கட்டிவிடவில்லை. பிணைக்கைதிகளை ஹெலிகாப்டரில் கொண்டுபோன விமான தளத்தில் இன்னும் சுடுகிறார்கள் என்கிறார்கள், ஹெலிகாப்டர் ஒன்று எரிகிறதாம், எதுவும் உறுதியாகவில்லை, பிணைக்கைதிகள் என்ன ஆனார்கள் என்று நமக்குத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். மெக்கே அரசியல் செய்தியாளரல்லர், விளையாட்டு வர்ணனையாளர். உலகம் நினைவு வைத்திருக்கும் அவருடைய அந்த நிதானம், விளையாட்டு அரங்கில் ஊறிய பழக்கத்திலிருந்து வந்தது என்பது என் கணிப்பு.

ஓட்டப்பந்தய வர்ணனையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடைசி பத்து மீட்டரில் முன்னால் போகிறவர் கால் இடறலாம், பின்னால் வருபவர் நெஞ்சை முன்தள்ளி முந்தலாம். கோட்டைத் தாண்டும்வரை பெயரைச் சொல்ல முடியாது, சொன்னால் வர்ணனையாளர் அடுத்த நொடியே ஊர் முன்னால் பொய்யராகிவிடுவார். மெக்கே இந்த வேலையை ஆண்டுக்கணக்கில் செய்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கின்போது சிபிஎஸ் நிறுவனத்துக்காக நியூயார்க் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, ரோமிலிருந்து விமானத்தில் வந்த ஒளிநாடாக்களை வைத்து நிகழ்ச்சி நடத்தினார். 1961-ல் ஏபிசி தொடங்கிய ‘வைட் வேர்ல்ட் ஆஃப் ஸ்போர்ட்ஸ்’ அவரை உலகம் சுற்ற வைத்தது. அகபுல்கோவில் பாறை உச்சியிலிருந்து கடலுக்குள் பாய்கிறவர்கள், கை மடக்கும் போட்டிக்காரர்கள் என்று அமெரிக்கர்கள் கேள்விப்பட்டிராத ஆட்டக்காரர்களையெல்லாம் அவர் அதில் அறிமுகப்படுத்தினார். முன்பின் தெரியாத ஒருவரின் ஊர், வீடு, பயம் ஆகியவற்றைக் கேட்டறிந்து சொல்வது அவருக்குக் கைவந்த கலை. மொத்தம் 12 ஒலிம்பிக் போட்டிகளில் பணியாற்றினார்.

அதற்கும் முன்னால் பால்டிமோர் நகர நாளிதழில் காவல்துறைச் செய்திகள் சேகரித்த நிருபர் அவர். அப்படியானால் மியூனிக்கில் கைகொடுத்தது அந்த நிருபர் பயிற்சிதானே, விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏபிசி விளையாட்டுப் பிரிவின் தலைவர் ரூன் ஆர்லெட்ஜ் அன்று அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம். ஆனால் நிருபர் எழுதியதை ஆசிரியர் திருத்துவார், அச்சுக்குப் போகுமுன் அடித்தெழுதவும் நேரம் உண்டு. நேரலையில் ஆசிரியர் கிடையாது, வாயிலிருந்து விழுந்தது விழுந்ததுதான். எழுத்தில் சரிபார்க்கக் கற்றவர், பேச்சில் பொறுக்கவும் கற்றிருந்தார். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்ததால்தான் அந்த இரவு தாங்கியது. அன்று அவருக்கு ஓய்வு நாள். நீந்தக் கிளம்பியவரைக் கூப்பிட, நீச்சல் உடைக்கு மேலேயே கால்சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர், 14 மணி நேரத்துக்கும் மேல் பேசினார்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. காவலர்கள் கூரைமேல் ஏறியதைத் தொலைக்காட்சி நேரலையில் காட்டியது, உள்ளே இருந்த தீவிரவாதிகளும் அதைப் பார்த்தார்கள், முதல் மீட்பு முயற்சி அதனால்தான் கைவிடப்பட்டது என்பது அந்தக் குற்றச்சாட்டு. இதை நான் மறுக்கப் போவதில்லை. அந்த அறைகளின் மின்சாரத்தைத் துண்டிக்காதது காவல்துறையின் பிழை. ஆனாலும் கேமராவைத் திருப்பியவர்களுக்குப் பங்கில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. 2008-ல் மும்பைத் தீவிரவாதத் தாக்குதலின்போது நம் சேனல்கள் அதே தவற்றை இன்னும் பெரிதாகச் செய்தன. உச்ச நீதிமன்றம் 2012-ல் கண்டித்தது, 2015-ல் தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளை நேரலையில் காட்டத் தடைவிதி வந்தது. மெக்கேயின் வாய் காத்த கட்டுப்பாட்டைக் கேமரா காக்கவில்லை என்பதே அந்த நாளைப் பற்றிய சரியான மதிப்பீடு. நிதானம் ஒருவரிடம் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு அது சாட்சி.

கொல்லப்பட்டவர்களில் டேவிட் பெர்கர் என்ற பளுதூக்கும் வீரர் அமெரிக்காவில் பிறந்தவர். ஒஹாயோ மாநிலத்தில் ஷேக்கர் ஹைட்ஸ் என்ற ஊரில் அவருடைய பெற்றோர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார்கள், மகன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பதை அவர்களுக்குச் சொல்லப்போகிறவன் நான்தான் என்ற நினைவு அன்று முழுக்கத் தன்னிடம் இருந்ததாக மெக்கே பிற்பாடு சொன்னார். இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. லட்சக்கணக்கானவர்களுக்குப் பேசுகிறோம் என்று நினைப்பவர் குரலை உயர்த்துவார். ஒரு தாய் தகப்பனுக்குப் பேசுகிறோம் என்று நினைப்பவர் உண்மை உறுதியாகும்வரை வாயைக் கட்டுவார். மியூனிக் நேரப்படி அதிகாலை 3.24-க்கு, காதுக்கருவியில் செய்தி வந்தது. சிறுவயதில் தன் தந்தை சொன்னதை நினைவுகூர்ந்தார். நம் பெரிய ஆசைகளும் பெரிய அச்சங்களும் அநேகமாகப் பலிப்பதில்லை என்பார் அப்பா, இன்றிரவு அச்சம் பலித்துவிட்டது என்றார். இருவர் அறையிலேயே, ஒன்பது பேர் விமான தளத்தில் என்று கணக்கைச் சொல்லி, எல்லோரும் போய்விட்டார்கள் என்று முடித்தார். கண்ணீர் இல்லை, பின்னணி இசை இல்லை.

தமிழில் இன்று விளையாட்டு வர்ணனைக்கு முன்னாள் வீரர்கள் வருகிறார்கள், கலகலப்பாகப் பேசுகிறவர்களும் வருகிறார்கள். ரசிகர்களுக்கு அது பிடிக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மைதானத்தில் வீரர் ஒருவர் சுருண்டு விழும்போது, அரங்கில் நெரிசல் என்று தகவல் கசியும்போது, கேட்டுச் சரிபார்த்துவிட்டுப் பேசத் தெரிந்த ஒருவர் வர்ணனை அறைக்குள் இருக்க வேண்டும். 2028-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒலிம்பிக். அதற்குத் தமிழ்க் குழு அமைக்கப்போகிறவர்கள், நாலு பேரில் ஒருவராக ஒரு நிருபரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.