ஏரியில் விடுவது கருணையன்று

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் வளர்ந்த பலருக்குக் குட்டையும் ஓடையும்தான் முதல் விளையாட்டுத் திடல். ரப்பர், செம்பனை மரங்களுக்கிடையே ஓடும் கால்வாய்களில் விராலும் பனையேறிக் கெண்டையும் பிடித்த கதையைப் பெரியவர்கள் இன்றும் சொல்வர். அந்நீர்நிலைகளுக்குக் கேடு இப்போது வீட்டு மீன் தொட்டிகளிலிருந்தும் வருகிறது.

தொட்டியைத் தூய்மையாக்கும் என்று வாங்கப்படும் 'இக்கான் பண்டாராயா' இதற்குத் தக்க சான்று. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இம்மீன் கடையில் விரல் நீளமே இருக்கும். வளர்ந்தால் ஓரடியைத் தாண்டும். தொட்டி போதாதபோது, "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று சிலர் அதனை ஏரியிலோ ஆற்றிலோ விடுகின்றனர். உடலை எலும்புத் தகடுகள் மூடியிருப்பதால் இதனை உண்ணும் உயிரினங்கள் இங்குக் குறைவு. இது கரையில் வளை தோண்டி முட்டையிடுவதால் மண் சரிகிறது. பாசியைத் தின்று தீர்ப்பதால் உள்ளூர் மீன்களின் உணவு குறைகிறது. ஓர் உயிருக்குக் காட்டிய இரக்கம் பல உயிர்களுக்கு எமனாகிறது.

"குட்டையில் விட்டால் குட்டையோடு போகும்" எனச் சிலர் வாதிடலாம். அது தவறு. கனமழையில் குட்டை நிரம்பி வழியும். ரந்தாவ் வட்டாரத் தோட்டக் கால்வாய்களின் நீர் ஓடைகள் வழியாக லிங்கி ஆற்றில் கலக்கிறது. ஆற்றில் பெருகிவிட்ட மீனை முற்றாக அகற்றுவது அரிது.

நீர்த்தாவரங்களும் இவ்வாறே பரவுகின்றன. அண்டை மாநிலமான பகாங்கின் சினி ஏரி, 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அத்தகைய ஏரியிலேயே தென் அமெரிக்கச் செடியான கபோம்பா அடர்ந்து பரவி, உள்ளூர்த் தாவரங்களின் இடத்தைப் பிடித்தது. ஒடிந்த சிறு தண்டிலிருந்தே இச்செடி மீண்டும் வளரும். படகிலோ வலையிலோ ஒட்டிய துண்டு ஒன்றே போதும்.

1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் உயிர்மீன்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்துகிறது. ஆயினும், ஒவ்வொரு குட்டைக்கும் ஓர் அதிகாரியைக் காவல் வைக்க இயலாது. ஆகவே, முதற்பொறுப்பு மீன் வளர்ப்பவருடையதே.

மீனை வாங்குமுன் அது எவ்வளவு பெரிதாகும் எனக் கேட்டறிய வேண்டும். வளர்க்க இயலாவிடில் கடைக்காரரிடமோ வேறு வளர்ப்பாளரிடமோ ஒப்படைக்கலாம். தொட்டிச் செடிகளைக் கால்வாயில் கொட்டாமல், உலர்த்திக் குப்பையில் போட வேண்டும். வலை, படகு ஆகியவற்றை வேறோர் ஏரிக்குக் கொண்டு செல்லுமுன் கழுவிக் காயவைக்க வேண்டும். பள்ளியிலுள்ள மீன் தொட்டிக்கும் இவை பொருந்தும்.

வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவுடைமை. தாத்தா பிடித்த விராலைப் பேரனும் பிடிக்க வேண்டுமெனில், தொட்டி மீன் தொட்டியோடு நிற்க வேண்டும்.