கத்தரிக்காய்க்கு எப்போது பதில்?

மண்ணில் வாழும் 'பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்' என்ற பாக்டீரியா, சில புழுக்களின் குடலைச் சிதைக்கும் புரதத்தை உண்டாக்குகிறது. அந்தப் புரதத்துக்கான மரபணுவைச் செடிக்குள் சேர்த்து உருவாக்கியதுதான் பி.டி. பருத்தி. 2002-ல் இந்தியா அதை அனுமதித்தது. காய்ப்புழுவுக்கு மருந்தடிப்பது முதலில் வெகுவாகக் குறைந்தது. மறுக்க முடியாத நன்மை அது.

ஆனால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்தப் புரதத்தைத் தாங்கப் பழகிவிட்டது. குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் மருந்துத் தெளிப்பான் மீண்டும் தோளேறியது. புழு இப்படிப் பழகிவிடாமலிருக்க வயலோரத்தில் சாதாரணப் பருத்தியும் நட வேண்டும் என்ற விதியைப் பலர் கடைப்பிடிக்கவில்லை. அந்த விதியின் காரணத்தை விவசாயிக்குப் புரியும்படி யார் சொன்னார்கள்?

இதே முறையில், கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பங்கேற்று உருவாக்கிய பி.டி. கத்தரி, 2010-ல் நிறுத்திவைக்கப்பட்டது. வங்கதேசமோ 2013-ல் அனுமதித்துப் பயிரிட்டுவருகிறது. அங்குள்ள வயல்களின் அனுபவத்தை இந்திய அரசு ஆராய்ந்து, முடிவுகளைத் தமிழிலும் வெளியிட வேண்டும்.