கண்ணாடி இழைப் படகும் ஓசூர்க் கைகளும்

ஓசூரிலிருந்து கடல் வெகு தூரம். கடல் மட்டத்துக்குச் சுமார் 3,000 அடி உயரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கும் ஊர் அது. லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்கிற அந்த ஊருக்குப் பாய்மரப் படகோடு என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கலாம்.

சம்பந்தம் உண்டு. ஓசூர்க் கைகள் கண்ணாடி இழையால் ஆகாய விமானமே செய்திருக்கின்றன! பெங்களூரிலுள்ள தேசிய விண்வெளி ஆய்வுக்கூடம் "ஹன்சா" என்ற இரண்டு பேர் அமரும் பயிற்சி விமானத்தை வடிவமைத்தது. அது முதன்முதலாகப் பறந்தது 1993-ல். பின்னர் அந்த விமானத்தை உற்பத்தி செய்தது ஓசூரை அடுத்த பெலகொண்டப்பள்ளியில் உள்ள தனேஜா ஏரோஸ்பேஸ் தொழிற்சாலை. விமானம் செய்த கைக்குப் படகு பெரிய காரியமா?

அச்சில் பிறக்கும் படகு

இன்றைய பாய்மரப் படகு கடற்கரை மணலில் பிறப்பதில்லை. பட்டறை அச்சில் பிறக்கிறது. அச்சுக்கு மெழுகு பூசி, அதன்மேல் வழவழப்பான பூச்சு ஒன்று கொடுக்கிறார்கள். பிறகு கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசினை ஊற்றி, உருளையால் உருட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுகிறார்கள். இப்படி அடுக்கு மேல் அடுக்கு. இறுகியபின் அச்சிலிருந்து எடுத்தால், ஒட்டுப் போடாத முழுப் படகு உடல் வந்துவிடும்.

இது மரத்தைப் போல் மக்காது. கடற்புழு அரிக்காது. ஒரே அச்சில் எத்தனையோ படகுகள் எடுக்கலாம். 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் இம்முறை பரவிய பிறகுதான், பணக்காரரின் விளையாட்டாக இருந்த பாய்மரப் படகு நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டியது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஒரு குமிழி தங்கினால் ஒரு படகு கெடும். அச்சிலேயே பிழை இருந்தால், அதிலிருந்து வரும் அத்தனை படகிலும் அதே பிழை இருக்கும். ஆகவே முதல் வேலை பட்டறையில் அல்ல, வரைபடப் பலகையில்தான்.

தஞ்சாவூர்ப் பொம்மை

தட்டிச் சாய்த்தாலும் எழுந்து நிற்கும் தஞ்சாவூர்ப் பொம்மையை எல்லோரும் அறிவர். அடிப்பாகத்தில் உள்ள கனம்தான் அதன் ரகசியம். நெடும்பயணப் பாய்மரப் படகின் ரகசியமும் அதுவே. காற்று பாயைத் தள்ளும்போது படகு சாய்கிறது. அடியில் நீண்டிருக்கும் கனமான அடிக்கட்டை அதை நிமிர்த்துகிறது. பக்கவாட்டில் நழுவாமலும் பிடித்துக்கொள்கிறது.

இங்கிலாந்தில் கண்ணாடி இழையால் கட்டப்படும் "ரஸ்ட்லர் 36" என்ற படகின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவானது அடியிலுள்ள ஈயம்தான். 2018-ல் தொடங்கிய "கோல்டன் குளோப்" உலகம் சுற்றும் போட்டியில் இத்தகைய படகை ஓட்டியவர் பிரான்சு நாட்டு வான் டென் ஹீட். வயது 73! நடுக்கடலில் படகு அடித்துச் சாய்க்கப்பட்டுப் பாய்மரத்தின் பிடிப்புச் சேதமடைந்தது. ஆனாலும் படகு நிமிர்ந்தது, அவரே வென்றார்.

அதே போட்டியில் இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி பழைய மாதிரியில் கட்டிய மரப் படகில் சென்றார். புயலில் பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் அடிபட்டு, எழ முடியாமல் கிடந்த அவரைப் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று மீட்டது. அவர் மனம் தளரவில்லை. அடுத்த போட்டியில் ரஸ்ட்லர் 36 படகை எடுத்துக்கொண்டு புறப்பட்டு, 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். புயலுக்கு முன் எந்தப் படகும் பெரிதல்ல. ஆயினும் மாலுமியின் உயிர் படகின் வடிவத்தை நம்பித்தான் இருக்கிறது.

வரைபடம் யாருடையது?

"மாதேய்", "தாரிணி" ஆகிய 56 அடிப் படகுகள் கோவாவில் மரமும் கண்ணாடி இழையும் சேர்த்துக் கட்டப்பட்டவை. தாரிணியில்தான் புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி, கேரளத்துத் தில்னாவுடன் 2024 அக்டோபரில் புறப்பட்டு, ஹார்ன் முனையையும் கடந்து, 2025 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பினார். தமிழ்ப் பெண்ணின் துணிவு கண்டு பெருமைப்படாதவர் யார்?

கட்டியவர்கள் இந்தியர். ஓட்டியவர்கள் இந்தியர். ஆனால் படகின் வரைபடம் ஹாலந்து நாட்டிலிருந்து வந்தது. இந்த ஒரு குறை ஏன் இருக்கவேண்டும்?

சென்னை ஐ.ஐ.டி.யில் கடல் பொறியியல் துறை இருக்கிறது. கணக்கிட அங்கே அறிஞர்கள் உண்டு. 2004 சுனாமிக்குப் பின் தமிழகக் கடற்கரையெங்கும் பெருகிய ஃபைபர் படகுகளில் நாள்தோறும் போய்வரும் மீனவர்களிடம் அலையின் குணம் அறிந்த அனுபவம் உண்டு. ஓசூரில் அச்சு வெட்டும் திறமை உண்டு. இம்மூன்றும் ஒரே மேஜைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

உலகைச் சுற்றும் படகை உடனே செய்யவேண்டும் என்பதில்லை. இருபத்தைந்து அடியில் ஒரு சிறு படகு போதும். அச்சு வெட்டுமுன் கணக்கைச் சரிபார்க்கட்டும். முதல் படகைத் தண்ணீரில் சாய்த்துப் பார்த்து, அது நிமிர்கிறதா என்று சோதிக்கட்டும். குறை தெரிந்தால், செலவைப் பாராமல் அச்சை மாற்றட்டும்.

ஓசூர்ப் பக்கம் ஓடிவரும் தென்பெண்ணை கடலூர் அருகே கடலில் கலக்கிறது. ஆறு போகிற இடத்துக்கு ஓசூரின் தொழில் திறமையும் போய்ச் சேரட்டும்.