முற்றத்து முட்செடி

மாரி ஓய்ந்ததும் வளவுகளில் மண்டும் முட்செடியை ஆங்கிலப் பாடநூலிற் கண்ட "திஸில்" என்று மாணவர் சிலர் கருதுகின்றனர். அன்று, அது மெக்சிக்கோவிலிருந்து வந்தேறிய பிரமதண்டு. திஸிலின் பூ பெரும்பாலும் ஊதாநிறக் குஞ்சம்; இதன் பூவோ மெல்லிதழ் கொண்ட மஞ்சட் பூ. இலை நரம்புகள் வெளிறியிருக்கும். ஐயமாயின் தண்டை ஒடித்துப் பாருங்கள். மஞ்சட் பால் கசியும். ஆடுகூட வாய் வையாத செடி!

முள்ளினும் கொடியது விதை. கடுகெனவே தோன்றும் அக்கரிய விதையின் எண்ணெய் 1998இல் டில்லியிற் கடுகெண்ணெயுடன் கலந்தமையால், உண்டோர்க்குக் கால் வீங்கி மூச்சுத் திணறிற்று; 60க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆகையால் சிறுவர் அவ்விதையைக் கடுகென்று எண்ணி விளையாட்டுக்கும் சேர்த்து வைத்தல் ஆகாது. காய் முற்றுமுன்னரே செடியை வேரோடு களையுங்கள். முற்றிவிட்டால், பிடுங்கும்போதே விதை முற்றமெங்கும் சிந்திவிடும்.