கையெழுத்து வைக்குமுன்

சொந்த வயலை விட்டு வந்த நம்மில் பலர் இன்று நாட்கூலிகள். விதைப்புக்கும் களையெடுப்புக்கும் பிறர் காணிக்குப் போகிறோம். கூலி எவ்வளவு, வேலை எத்தனை மணிக்கு முடியும், இடையில் மழை வந்தால் அரைநாட் கூலியாவது உண்டா என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் நாளைக்குக் கூப்பிடமாட்டார்கள் என்ற பயம்.

காணியில்லாமல் கூலியை மட்டும் நம்பி வாழ்பவர்கள் பேரம் பேச முடியுமா? மலையகத் தோட்டத் தொழிலாளரின் அனுபவம் இதற்குப் பதில் சொல்கிறது. அவர்கள் நமக்கு அந்நியர் அல்லர். 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்தை விட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்கள் நம்மிடையே வாழ்கின்றன.

1940ஆம் ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. பொலிசாரின் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். அதே ஆண்டில்தான் தோட்ட முதலாளிமார் தொழிற்சங்கங்களுடன் உடன்படிக்கை செய்ய முன்வந்தனர். 1984இல் நடந்த போராட்டத்தின் பின்னரே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது தோட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. நமது வயல்களில் பெண்களுக்கு இன்றும் குறைத்தே கொடுக்கப்படுகிறது என்பதை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் ஒன்றுபட்டு நின்றால் மட்டும் போதாது. எதற்குக் கையெழுத்து வைக்கிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப்பங்காக 30 என மேலதிகக் கொடுப்பனவுகள் சேர்ந்து 730 ரூபா ஆயிற்று. அடுத்த ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளமே 1000 ரூபாவாக வேண்டும் எனத் தொழிலாளர் கேட்டனர். 2018 டிசம்பரில் வேலைநிறுத்தமும் செய்தனர். 2019 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தப்படி அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. விலைப்பங்கு 50 ரூபா. வரவுக்கும் உற்பத்திக்கும் கொடுத்தவை நீக்கப்பட்டன. அடிப்படையில் 200 ரூபா கூடியது உண்மை. அதனால் சேமலாப நிதிக்குச் செல்லும் பணமும் கூடியது. ஆனால் முன்பு எல்லாக் கொடுப்பனவும் பெற்றவரின் நாட்சம்பளம் 730இலிருந்து 750 ஆயிற்று. இருபது ரூபாவுக்கா பட்டினி கிடந்தோம் என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

2021இல் சம்பள நிர்ணய சபையின் மூலம் 1000 ரூபா சட்டமாயிற்று. அத்துடன் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறையைக் கூட்டினார்கள், வேலைநாட்களைக் குறைத்தார்கள் என்று பல தோட்டங்களிலிருந்து முறைப்பாடுகள் வந்தன. கூலி உயர்ந்தாலும் வேலையின் அளவைப் பேசும் மேசை இல்லாமற் போனால் தொழிலாளிக்கு மிஞ்சுவது குறைவே.

இனி நமது நிலைக்கு வருவோம். ஒரு குடியிருப்புப் பெண்கள் குறைந்த கூலிக்கு வரமாட்டோம் என்றால், அடுத்த குடியிருப்பிலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் ஆட்களை ஏற்றிச் செல்கிறார்கள். ஏறிப் போவதும் நம்மைப்போல இடம்பெயர்ந்தவர்களே. அவர்களையும் குறை சொல்ல முடியாது. அடுப்பு எரிய வேண்டும். ஆனால் இப்படி ஒருவர் கூலியை ஒருவர் வெட்டிக்கொண்டிருக்கும்வரை வேலைநிறுத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நாம் முதலில் பேச வேண்டியது காணிக்காரருடன் அல்ல, அயற் குடியிருப்பாருடன்.

காணிக்காரரும் விவசாயிதான். உரக்கடனும் நெல்விலையும் அவரையும் நெருக்குகின்றன. மிஞ்சிக் கேட்டால் அறுவடைக்கு இயந்திரத்தை இறக்கிவிடுவார். எனவே கேட்பதைக் கணக்குப் பார்த்து, போகம் தொடங்குமுன் கேட்க வேண்டும். நாட்கூலி, வேலை நேரம், மழைநாட் கொடுப்பனவு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பலர் முன்னிலையில் வாசித்தபின் கையெழுத்து வைக்கலாம். பேசப் போகிறவர்கள் திரும்பி வந்து எல்லோரிடமும் கேட்காமல் எதற்கும் இணங்கக் கூடாது.

வேலையை நிறுத்துவது கடைசி வழி. அதற்கு முன் வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்திருக்க வேண்டும். ஒரு கிழமை தாங்க முடியாதவர்கள் மூன்றாம் நாளே தலைகுனிந்து போக நேரிடும்.

7 பேர் இருந்தாலே தொழிற்சங்கம் ஒன்றைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம் என்கிறது 1935ஆம் ஆண்டின் சட்டம். பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடுத்த விதைப்புக்கு முன் அந்த ஏழு பேரும் ஒரு மரநிழலில் கூடட்டும். அவர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருக்கட்டும்.