12 வோல்ட்டில் 100 வாட் வராது

பலகை அறுத்து, பெட்டி அடிச்சு, 4 ஓம் சப்வூஃபரைப் பூட்டுற வரைக்கும் நம்ம தோட்டத்துப் பசங்க கெட்டிக்காரங்கதான். இரத்தினபுரி டவுனுக்கோ கேகாலைக்கோ இறங்கி அம்ப் வாங்குறப்போதான் ஏமாறுறோம்.

அட்டையில் பெரிசா அடிச்சிருக்கிற 'பிஎம்பிஓ' அளவு இல்லை, ஆசைகாட்டல். கேட்க வேண்டியது ஆர்எம்எஸ். அதையும் அப்படியே நம்பாம கணக்குப் போடுங்க. வோல்ட்டை அதாலேயே பெருக்கி, ஓமின் இரண்டு மடங்கால் வகுங்க. 12 வோல்ட், 4 ஓம் என்றால் 144ஐ 8ஆல் வகுக்கணும்: 18 வாட். பிரிட்ஜ் முறை போர்டிலும் சுத்தமான சத்தம் இதைத் தாண்டாது. மேலே திருகினால் அலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். 24 வோல்ட் கொடுத்தால் 72 வரை போகலாம். உள்ளேயே வோல்ட்டை ஏற்றுகிற கார் அம்ப் வேறு கதை.

'100 வாட்' போர்டையும் 12 வோல்ட் அடாப்டரையும் ஒன்றாக விற்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாதா? கடைசியில் பையன் தன் பெட்டியில்தான் குறை என்று நினைக்கிறான்.

கொழுந்து நிறுக்கிறப்போ கிலோ வெட்டினால் தராசைக் காட்டிக் கேட்கிறோம். வாட்டை மட்டும் ஏன் கண்ணை மூடி வாங்கணும்? ஓமின் விதி பரீட்சைக்கு மட்டும் இல்லை. கடைக்காரர் முன்னாலும் எடுத்து வைங்க.