இழுப்பது எளிது, நிறுத்துவது யார்?

லக்கலவில் இருந்து மாத்தளைக்கு வரும் வீதியில் பயணம் செய்தவர்களுக்கு அதன் குணம் தெரியும். இலுக்கும்புர, பிட்டவல பத்தன எனப் புல்வெளிகளைக் கடந்து ரிவர்ஸ்டன் கணவாய்வரை ஏறும். அங்கிருந்து ரத்தோட்டைவரை வளைந்து வளைந்து இறங்கும். ஒரு பக்கம் மலைச் சரிவு, மறுபக்கம் பள்ளம், நடுவே பனிமூட்டம். 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற நக்கிள்ஸ் மலைத்தொடர் இது. கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அங்கே வாகனம் பழுதாகி நின்றுவிட்டால்?

எனக்கு நின்றுவிட்டது. 2017ஆம் ஆண்டு அது. களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய லக்கல பல்லேகம நகரம் இடம்மாறவிருந்த காலம். மறுவருடம் நீரில் மூழ்கப்போகும் கடைவீதியைப் பார்த்து எழுதுவதற்காகப் போயிருந்தேன். திரும்பும் வழியில், கணவாயைக் கடந்து சற்றுத் தூரம் இறங்கியதும் எஞ்சின் அணைந்தது. எரிபொருள் பம்ப் செத்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. மாலை ஐந்து மணி. கைத்தொலைபேசியில் சிக்னல் இல்லை.

அரைமணி நேரத்தில் மரக்கறி இறக்கிவிட்டு வந்த ஒரு பட்டா வாகனம் நின்றது. சிங்கள இளைஞர் ஒருவர் இறங்கி, நாங்கள் கேட்பதற்கு முன்பே கயிற்றை எடுத்தார். மலைநாட்டில் இதுதான் வழக்கம். வீதியில் நிற்பவனைத் தாண்டிப் போகமாட்டார்கள். காரின் முன்பக்கத்தில் கயிற்றைக் கட்டினோம். நான் சாரதி ஆசனத்தில். உடன்வந்த புகைப்படக் கலைஞர் என் அருகில்.

முதல் இரண்டு வளைவுகளில் எல்லாம் சரியாகவே நடந்தது. மூன்றாவது வளைவில் எதிரே பஸ் வந்தது. பட்டா வேகத்தைக் குறைத்தது. நான் பிறேக்கை மிதித்தேன். அது கல்லாக இருந்தது. கயிறு தளர்ந்து முன்சில்லின் கீழ் போனது. அடுத்த கணம் பட்டாவின் பின்கதவில் மோதி நின்றோம். நண்பரின் நெற்றியில் மூன்று தையல்கள். மோதிய அதிர்ச்சியில் பட்டா இரண்டடி நகர்ந்து, பள்ளத்தின் ஓரக்கல்லில் சில்லை முட்டி நின்றிருந்தது. அந்தக் கல் இல்லாவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்கலாம். உதவ வந்த அந்த இளைஞர் இருந்திருக்கமாட்டார்.

பஸ்ஸில் இருந்து இறங்கி வந்தவர்களில் ஒரு முதியவர், தோட்டத்தில் லொறி ஓட்டியவர், கயிற்றை அவிழ்த்தபடி சொன்னார்: “ஐயா, இழுக்கிறதுக்கு ஒரு வண்டி போதுங்க. நிப்பாட்டுறதுக்குத்தான் ரெண்டு வண்டியும் வேணும்.”

தவறு முழுவதும் என்னுடையது. முப்பது வருடங்களுக்கு மேல் வாகனம் ஓட்டியவன் நான். எஞ்சின் அணைந்தால் பிறேக்குக்கு உதவும் வெற்றிடச் சக்தி இரண்டொரு மிதியில் தீர்ந்துவிடும் என்பதை அறியாதிருந்தேன். அதன் பிறகும் பிறேக் பிடிக்கும். ஆனால் முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். பவர் ஸ்டியரிங்கும் அப்படியே கனத்துப்போகும். சாவியை உருவிவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். எனக்கு ஓட்டப் பழக்கிய எவரும் இதைச் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

சிறிய பட்டாவால் காரை இழுக்க முடியுமா என்றுதான் நாம் கேட்கிறோம். முடியும். 2005இல் இந்தியாவில் அறிமுகமாகி, இலங்கையில் பட்டா என்ற பெயரில் ஊரெங்கும் ஓடும் அந்த வண்டி, சமதரையில் தன்னைவிடப் பாரமான காரையும் முதலாம் கியரில் இழுத்துவிடும். கேள்வி அதுவல்ல. பாரம் ஏற்றாத பட்டா, அது இழுக்கும் பல கார்களைவிடப் பாரம் குறைந்தது. இறக்கத்தில் பிறேக் பிடிக்கும்போது அதன் பின்பகுதி மேலும் இலேசாகிறது. அந்த வேளையில் பின்னால் இருந்து ஒரு கார் தள்ளினால் பின்சில்லுகள் பக்கவாட்டில் வழுக்கும். வளைவில் என்றால் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு சிறு கணக்குப் பாருங்கள். 1,000 கிலோ எடையுள்ள கார் 500 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 14 லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. பின்னால் இருப்பவர் பிறேக் பிடிக்காவிட்டால் அந்தச் சூடு முழுவதும் பட்டாவின் பிறேக்கில் இறங்கும். அதன் சொந்தப் பாரத்தின் சூடு வேறு. சூடேறிய பிறேக், தேவைப்படும் கணத்தில் கைவிடும்.

இன்னொரு கணக்கு. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில், நாம் திடுக்கிட்டுக் காலைப் பிறேக்கில் வைப்பதற்கு ஆகும் ஒரு விநாடியில் வாகனம் 11 மீற்றர் ஓடிவிடும். 15 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவது 4 மீற்றரைச் சற்றே தாண்டும். பிரித்தானிய விதிகள் இரு வாகனங்களுக்கும் இடையே அனுமதிக்கும் அதிகபட்ச இடைவெளி 4.5 மீற்றர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கயிற்றில் இழுப்பதற்கு உரிய வேகம் எதுவென்று தெரியும். சைக்கிள் வேகம். இந்தியாவின் 1989ஆம் ஆண்டு வீதி ஒழுங்குவிதிகள் 24 கிலோமீற்றரை உச்ச வேகமாக வைத்திருந்தன. பின்வாகனத்தில் அனுமதிப்பத்திரம் உள்ள சாரதி இருக்க வேண்டும் என்றும், இழுக்கப்படும் வாகனம் என்று முதுகில் எழுதித் தொங்கவிட வேண்டும் என்றும் கூறின. ஜேர்மனியில் இரு வாகனங்களும் அபாய விளக்குகளை ஒளிரவிட வேண்டும். இழுத்துக்கொண்டு அதிவேக வீதிக்குள் நுழையக் கூடாது. புலம்பெயர்ந்த நண்பர்கள் தத்தம் நாட்டு விதியை ஒருமுறை பார்த்துவைப்பது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் இழுக்கத்தான் வேண்டுமென்றால், பட்டறிவில் கற்றதைச் சொல்கிறேன். அனுபவம் கூடிய சாரதி பின்வாகனத்தில் இருக்க வேண்டும். கயிற்றை எப்போதும் இறுக்கமாக வைத்திருப்பது அவருடைய மெல்லிய பிறேக்தான். முன்வாகனம் இறக்கத்தில் முதலாம், இரண்டாம் கியரை விடக்கூடாது. சாவி உள்ளே, கியர் நியூட்ரலில், கை ஹாண்ட்பிறேக்கின் அருகில். கயிற்றை பம்பரிலோ ஸ்டியரிங் தண்டிலோ கட்டாமல், காரோடு தந்த இழுவை வளையத்தில் கட்டுங்கள். பெரும்பாலும் அது ஜாக்கியோடு இருக்கும். கயிற்றின் நடுவில் ஒரு சிவப்புத் துணியும் நனைந்த சாக்கும் போடுங்கள். துணி மற்றவர் கண்ணுக்கு. சாக்கு, கயிறு அறுந்தால் அது சாட்டையாகச் சுழலாதிருக்க. பின்வாகனத்தில் சாரதியைத் தவிர எவரும் இருக்கக் கூடாது. என் நண்பரின் நெற்றித் தழும்பு இதற்குச் சாட்சி.

ஓட்டோமற்றிக் கார்களையும், நம் வீதிகளை நிறைத்திருக்கும் ஹைபிரிட் கார்களையும் கயிற்றில் இழுக்காதிருப்பதே நன்று. எஞ்சின் ஓடாதபோது ஓட்டோமற்றிக் கியர்ப் பெட்டிக்கு எண்ணெய் போகாது. ஹைபிரிட்டில் சில்லு உருண்டால் மோட்டார் மின்சாரம் பிறப்பிக்கத் தொடங்கும். அவற்றை ஏற்றிச் செல்ல கெரியர் லொறிதான் வேண்டும்.

சமதரையில், பக்கத்துக் கராஜ்வரை என்றால் பட்டா போதும். ரிவர்ஸ்டன் இறக்கம் போன்ற இடத்தில் வேண்டவே வேண்டாம் என்பதே என் முடிவு. காரை ஓரங்கட்டி, சில்லுகளுக்குக் கல் வைத்து, அதே பட்டாவில் ஏறி ரத்தோட்டைக்குப் போய்க் கெரியரை அழைத்திருக்கலாம். செலவு கூடியிருக்கும், இரவு போயிருக்கும். அவ்வளவுதான்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டு வீதிகளைச் சிதைத்த பிறகு, வழியில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் முதலில் கைகொடுக்க வருபவர் அயலூர்ப் பட்டாக்காரராகத்தான் இருப்பார். அந்த நல்ல மனத்தைப் பள்ளத்தில் தள்ளும் உரிமை நமக்கு இல்லை. சாரதிப் பயிற்சி நிலையங்கள் அரைமணி நேரத்தை இதற்கு ஒதுக்கினால் போதும்.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்தில் ஐந்து தேர்கள் ஓடும். வடம் பிடிக்க ஆயிரம் பேர் முண்டியடிப்பர். தேரின் சில்லோடு குனிந்தபடி கட்டை போட ஒரு சிலரே வருவர். முட்டுக்கட்டை என்றும், யாழ்ப்பாணத்தில் சறுக்குக்கட்டை என்றும் சொல்வோம். தேர் வீடுகளுக்குள் புகாமல் இருப்பிடம் சேர்வது அந்தச் சிலரால்தான். கயிற்றை எடுக்கும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கட்டை போடப்போவது யார்?